பதினைந்து வாட்

ஆயுத பூஜையன்று சாயந்திரம் அம்சவள்ளி மிக்ஸிக்குப் பொட்டு வைத்தாள், கிரைண்டருக்கு வைத்தாள், புருஷன் பூவரசனின் பைக்குக்கும் வைத்தாள். கடைசியில் அலமாரி மேல் ஓடிக்கொண்டிருந்த கறுப்புப் பெட்டியின் முன்னால் வந்து நின்று, சந்தனம் தொட்ட விரலோடு அவனைத் திரும்பிப் பார்த்தாள். அதை நிறுத்தச் சொல்கிறாள் என்று அவனுக்குப் புரிந்தது. புரியாத மாதிரி நின்றான். அவள் போனில் எழுதிக் காட்டினாள். 'அதுவும் வருஷம் பூரா ஓடுது. ஒரு நாள் ஓய்வு குடுங்க.'

அவளுக்குக் குரல்வளையை எடுத்து இரண்டு வருஷம் ஆகிறது. கழுத்தில் இருக்கும் துளை வழியாகத்தான் மூச்சு. பேச்சு கிடையாது. மயிலம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சராக நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருந்தவள். கொரோனாவில் பள்ளி மூடிக் கிடந்தபோது பிள்ளைகளுக்குத் தினம் ஒரு பாடத்தைப் பேசிப் பதிவு செய்து வாட்ஸப்பில் அனுப்பினாள். மொத்தம் இருநூற்றுப் பதினோரு பாடம். எல்லாமே "கண்ணுங்களா, எல்லாரும் வந்தாச்சா?" என்றுதான் ஆரம்பிக்கும். ஆபரேஷனுக்குப் பிறகு மிஞ்சிய குரல் அவ்வளவுதான். அவளுடைய பழைய போன் அடிக்கடி தானாக அணைந்துபோக ஆரம்பித்ததும் பூவரசனுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. வீட்டிலேயே எந்நேரமும் ஓடும் ஒரு கம்ப்யூட்டரைச் சர்வராக வைத்து அதில் பத்திரப்படுத்திவிடுவது என்று முடிவு செய்தான்.

விழுப்புரத்தில் அவன் வேலை பார்க்கும் கூரியர் ஆபீசுக்கு எதிரே சகாயராஜ் பழைய கம்ப்யூட்டர்களைச் சரிசெய்து விற்கிறான். முதலில் அவன் காட்டியது ஏதோ கம்பெனி கழித்துப் போட்ட பெரிய சர்வர். போட்டதும் மாவு மில் மாதிரி இரைந்தது, நூற்றுப் பத்து வாட் இழுத்தது. பூவரசன் ஒரு கும்பிடு போட்டு ஒதுங்கினான். காரணம் வீட்டு இன்வெர்ட்டர். கரண்ட் போனால் அம்சவள்ளியின் சளி உறிஞ்சும் மெஷின் அதில்தான் ஓட வேண்டும். புயலின்போது திண்டிவனத்தில் அவர்கள் வீட்டில் மூன்று நாள் கரண்ட் இல்லாமல், பேட்டரி இறங்க இறங்க அவள் நெஞ்சு கரகரத்ததை அவன் மறக்கவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு வாட்டையும் அவள் மூச்சிலிருந்து பிடுங்குகிற மாதிரிதான் பார்த்தான். கடைசியில் கறுப்புப் பெட்டியாக ஒரு சின்ன ஆபீஸ் கம்ப்யூட்டரைப் பொறுக்கி எடுத்தான். பிளக்கில் மாட்டும் மீட்டரை வைத்துப் பார்த்தால் பதினைந்து வாட்.

"ஹார்டு டிஸ்க்கு ரெண்டா போட்டுக்குங்க சார்," என்றான் சகாயராஜ். "ஒண்ணு போனாலும் இன்னொண்ணுல இருக்கும். இதுல இருக்கற டிஸ்க்கு ஒரு ஆபீஸ்ல ஆறு வருசம் நிக்காம ஓடிக்கினு இருந்தது. ஓடிக்கினே இருந்தா ஓடும். நிறுத்தி ஆறவுட்டா மறுபடி எழுந்துக்குமான்னு சொல்ல முடியாது."

இரண்டாவது போட்டால் எத்தனை வாட் ஏறும் என்று பூவரசன் கேட்டான். அஞ்சு ஏறும் என்று பதில் வந்தது. ஒன்றே போதும், நிறுத்தினால்தானே வம்பு, நிறுத்தவே மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தான். பாடங்களை ஏற்றியதும் பழைய போனை எக்ஸ்சேஞ்சில் போட்டு அவளுக்குப் புதுசு வாங்கினான். பென் டிரைவில் ஒரு நகல் எடுக்க வேண்டும் என்று நினைத்தான். நினைத்ததோடு சரி.

அவன் இருக்கும்போது அவள் அந்தப் பாடங்களைக் கேட்டதே இல்லை. ஆனால் யார் எந்தப் பாடத்தை எப்போது திறந்தார்கள் என்று பெட்டி எழுதி வைக்கும். தினம் காலை பத்தரை மணிக்கு ஒரு பாடம். பூவரசன் விழுப்புரம் ஆபீசில் உட்கார்ந்து போனில் அதைப் பார்த்துக்கொள்வான். இன்றைக்கு எட்டாம் வாய்ப்பாடு, இன்றைக்கு மழை பற்றிய பாடம். அதைப் பார்த்த பிறகுதான் அவனுக்கு டீ இறங்கும். பார்க்கிறேன் என்று அவளிடம் சொன்னதில்லை.

இரண்டு வருஷத்தில் அவள் அவனிடம் எதையும் கேட்டதில்லை. இப்போது கேட்டிருக்கிறாள், அதுவும் ஒரு பெட்டிக்கு ஓய்வு. ஒரு ராத்திரியில் என்ன ஆகிவிடப் போகிறது என்று நிறுத்தினான். அவள் பொட்டு வைத்து, ஒரு துண்டு கதம்பம் சாத்தினாள். முகம் நிறைந்திருந்தது.

விஜயதசமி காலையில் பட்டனை அழுத்தினான். விளக்கு எரிந்தது. உள்ளே டிஸ்க் மட்டும் டக், டக் என்று தட்டிக்கொண்டே இருந்தது. அணைத்துப் போட்டான், மறுபடி போட்டான். டிஸ்க்கைக் கழற்றி எடுத்துப்போனால் சகாயராஜ் அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினான். சென்னையில் ஒரு இடத்துக்கு அனுப்பினார்கள். டிஸ்க்குக்குள் இருக்கும் தட்டு முழுக்கக் கீறல், ஒன்றும் தேறாது என்று மூன்றாம் வாரம் பார்சலில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பள்ளிக்கூடத்து வாட்ஸப் குழுவில் கேட்டுப் பார்த்தான். போன் மாற்றிவிட்டோம் சார், எதுவும் இல்லை சார் என்றார்கள். இரண்டு பேர் கும்பிடும் கை மட்டும் போட்டிருந்தார்கள்.

பார்சலைப் பிரித்து டிஸ்க்கை அம்சவள்ளிதான் மடியில் வைத்துக்கொண்டாள். அப்புறம் போனில் எழுதினாள். 'நான் பொட்டு வச்சதாலயா?'

"இல்ல."

'அப்ப ஏன்?'

பொய் ஒன்று வாய் வரைக்கும் வந்தது. அவள் பார்வையில் அது நிற்கவில்லை.

"எனக்குத் தெரியும் அம்சா. நிறுத்துனா எழுந்துக்காதுன்னு சகாயராஜ் சொல்லிதான் குடுத்தான். இன்னொண்ணு போடச் சொன்னான். அஞ்சு வாட்டு ஏறும்னு வேணான்னுட்டேன்."

அவள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அலமாரிக்குப் போனாள். பெட்டி மேல் காய்ந்திருந்த சந்தனத்தை முந்தானையால் துடைக்க ஆரம்பித்தாள். துடைக்கும்போது அவள் உதடுகள் அசைந்தன. கழுத்துத் துளையிலிருந்து வெறும் காற்று வந்தது. கண்ணுங்களா, எல்லாரும் வந்தாச்சா. உதட்டைப் பார்த்தே அவனுக்குத் தெரிந்தது. அந்தக் குரலை மனசுக்குள் கேட்டுவிட வேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டான். வந்தது, தினம் விழுப்புரம் ஸ்டேஷனில் ரயில் வருவதைச் சொல்லும் பெண்ணின் குரல்.

கண்ணைத் திறந்தான். டிஸ்க்கைக் கழற்றிய பிறகும் பெட்டியை ஓடவிட்டிருந்தான், இன்னும் நிறுத்தவில்லை. அவள் துடைத்துக்கொண்டே இருந்தாள். சுவரில் மீட்டர் பத்து வாட் காட்டியது. டிஸ்க் இருந்தவரை இவ்வளவு குறைவாக அது ஒரு நாளும் காட்டியதில்லை.