ஸ்கூட்டர் ஏறாத படிகள்

தடகள வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கத்தக்க அந்த அறிவிப்பு, ஒரு வீட்டின் சாப்பாட்டு மேசையில், சர்க்கரை டப்பாவுக்கும் மருந்துப் பெட்டிக்கும் நடுவே வெளியிடப்பட்டது. காப்பீட்டு அலுவலக மேலாளரும் குடும்பத் தலைவருமானவர், தம் மனைவியின் நெடுந்தூர ஓட்டப் பயிற்சியைத் தாமே ஏற்று நடத்தப்போவதாகத் தெரிவித்தார். எதிர்ப்பு ஏதும் பதிவாகவில்லை. மனைவி அப்போது மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். வாயில் ரிப்பன் இருந்தது.

பயிற்சியாளரின் தகுதியைப் பற்றி யாரும் சந்தேகப்பட வேண்டாம். கடைசியாக அவர் ஓடியது பேருந்தைப் பிடிக்க, பேருந்து போய்விட்டது. ஆனால் ஓட்டத்தைப் பற்றிக் கைப்பேசியில் கிடைத்த அத்தனை காணொளிகளையும் சோபாவில் சாய்ந்தபடி பார்த்து முடித்திருந்தார்.

அவள் ஓட ஆரம்பித்தது பதக்கத்துக்காக அல்ல. பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் நாள் முழுக்கத் தொலைபேசி. பல்வலிக்காரர்கள் யாரும் மெதுவாகப் பேசுவதில்லை. வீட்டுக்கு வந்தால் மாமியாரின் கண்ணுக்குச் சொட்டு மருந்து, மகளின் கணக்குப் பாடம், கணவரின் காணாமல் போன சாவி. யாரும் அவளிடம் எதுவும் சொல்லாத ஒரு மணி நேரம் வேண்டியிருந்தது. சும்மா தனியாக உட்கார்ந்தால் உடம்புக்கு என்ன என்று கேட்பார்கள். ஓடுகிறவளை நிறுத்தி யாரும் எதுவும் கேட்பதில்லை. அதற்காகத்தான் ஷூ வாங்கினாள்.

இப்போது அந்த ஒரு மணி நேரத்தின் பக்கத்திலேயே ஒரு ஸ்கூட்டர் உருண்டு வந்தது. அவள் வேகத்துக்கு இறங்க முடியாமல் அது இருமியது. ஹெல்மெட்டுக்குள்ளிருந்து உபதேசம் பொழிந்தது.

"தோளைத் தளர விடு. மூச்சை மூக்கால இழு. வலிங்கிறது வெறும் நினைப்புதான், தெரியுமா?"

"புகைங்க. இந்தப் பக்கம் புகை வருது."

"புகையையும் தாண்டணும். போட்டியில எல்லாம் இருக்கும்."

போட்டிக்கு அவர் தன் பெயரைக் கொடுத்திருந்ததே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

தெருமுனையில் செய்தித்தாள்களைப் பிரித்துக்கொண்டிருந்தவர் ஒரு நாள் சைக்கிளைக் குறுக்கே நிறுத்திவிட்டார். "ஏம்மா, இந்த ஆளு தொந்தரவு பண்றாரா?"

அவள் மூச்சு வாங்க நின்று, கேள்வியை நேர்மையாக யோசித்துப் பார்த்தாள். "என் வீட்டுக்காரர்ங்க."

"அப்ப நாங்க ஒண்ணும் பண்ண முடியாதும்மா," என்று அவர் வருத்தத்தோடு சைக்கிளை நகர்த்திக்கொண்டார்.

அன்று இரவு பாத்திரம் துலக்கியபடி சொல்லியே பார்த்தாள். "என்னங்க, நான் தனியா ஓடிக்கிறேனே. யாரும் பேசாம இருந்தா நல்லா இருக்கும்."

அவர் முகம் மலர்ந்தது. "வந்துடுச்சு பாத்தியா? இதான் மனசு போடுற தடை. எல்லா ஓட்டக்காரங்களுக்கும் வரும். இந்த நேரத்துலதான் நான் உன்னை விடக் கூடாது."

அவள் ஒரே தட்டை வெகு நேரம் தேய்த்தாள்.

மறுநாள் தண்ணீர்த் தொட்டிக்குப் போகும் சந்து கண்ணில் பட்டது. சந்து கூட இல்லை, செங்குத்தான படிகள். யோசிக்காமல் திரும்பினாள்.

"எங்க போற? மேடு ஏறுற பயிற்சி வியாழக்கிழமைதான்!" ஹெல்மெட் கீழிருந்து கத்தியது. படி ஏற ஏற அந்தக் குரல் சிறுத்து, கொசு அளவாகி, பிறகு இல்லாமலே போனது.

மேலே தொட்டியின் நிழல் இருந்தது. சிமெண்டுத் திட்டில் உட்கார்ந்தாள். குழாய் மூட்டு ஒன்று சொட்டிக்கொண்டிருந்தது. அதற்கும் அவளிடம் கேட்க எதுவும் இல்லை. ஓடவே இல்லை அவள். வியர்வை ஆறும் வரை கால் நீட்டி உட்கார்ந்திருந்து, இறங்கும்போது மட்டும் மூச்சு வாங்குவதுபோல் வந்தாள்.

அந்த வாரம் முழுக்க மேடுதான். கீழே காத்திருந்த பயிற்சியாளர் நாளுக்கு நாள் வாடினார். சனிக்கிழமை இரவு ஒரு காணொளிகூடப் பார்க்கவில்லை. பாவமாக இருந்தது. தேநீரில் அவருக்குப் பிடித்த மாதிரி ஒரு கரண்டி சர்க்கரை கூடுதலாகப் போட்டுக் கொடுத்தாள். தோற்றவரிடம் கொஞ்சம் அன்பாக இருந்தால் என்ன குறைந்துவிடப் போகிறது?

காலையில் கதவைத் திறந்தாள். குதிகால் தேய்ந்த அவள் ஷூவை ஒட்டி, புத்தம் புதிதாய் இன்னொரு ஜோடி.

"நீ மட்டும் தனியா மேடு ஏறுறதை நினைச்சா எனக்கு மனசே ஆறலை," என்றபடி அவர் குந்தி உட்கார்ந்து, உள்ளே திணித்திருந்த காகிதத்தை உருவினார்.

"கடையில போட்டுப் பாத்தீங்களா? கடிக்கும். மாத்திட்டு வரலாம், அவசரமில்ல."

அவர் அதை மாட்டிக்கொண்டு எழுந்து நின்று இரண்டு முறை குதித்துப் பார்த்தார்.

ஷூ கச்சிதமாகப் பொருந்தியிருந்தது.