சாக்குத் துணியில் ஒரு கவசம்

கேளுங்கள் கண்ணுகளா. மறையூரில் சனிக்கிழமை ஒரு விளையாட்டு. வருகிறவர்கள் பழங்காலத்து ஆட்களாக வேடமிட்டு, பகல் முழுக்க அந்த ஆளாகவே பேசி, ரப்பர் வாளால் சண்டை போடுவார்கள். வேடம் சரியில்லை என்றால் உள்ளே விடமாட்டார்கள்.

தேயிலை எஸ்டேட்டில் கொழுந்தெடுக்கும் மரியபுஷ்பத்தின் மகள் டின்சிக்கு இதுதான் முதல் தடவை. கோட்டைக் காவல்காரி வேடம். தோல் கவசம் வாங்கக் காசில்லை. அம்மா வேலைக்குப் போகும்போது இடுப்பில் கட்டும் சாக்குப் படங்கு, தேயிலைக் கறையேறித் தோல் மாதிரியே கறுத்திருந்தது. அதைக் கேட்டு வைத்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை பார்த்தால், படங்கு வெளுத்துப்போய்க் கொடியில் தொங்குகிறது.

"என்னம்மா செஞ்ச?"

"வெளியூர் பிள்ளைங்க முன்னாடி அழுக்கோடயா நிப்ப? பிளீச்சிங் பவுடர்ல ஊற வச்சேன்."

டின்சி அடுப்பைப் பற்றவைத்தாள். தேயிலைத் தூளைக் கொதிக்கவைத்துப் படங்கை அதில் முக்கினாள். காவி நிறம்தான் வந்தது.

"சாமியாராப் போயிரேன்ட்டி," என்றாள் அம்மா.

காற்றில் பறக்காமலிருக்க, ஈரத்துணி மேல், தேயிலைச் செடி வெட்டும் துருப்பிடித்த கவாத்துக் கத்தியை வைத்தாள் டின்சி. எடுத்தபோது, கத்தி கிடந்த இடம் மட்டும் கன்னங்கரேல் என்றிருந்தது. இருவரும் குனிந்து பார்த்தார்கள்.

"துருவா செய்யுது இத?" என்றாள் அம்மா.

"இன்னொரு இடத்துல வச்சுப் பாப்பமா?"

வீட்டிலிருந்த துருப்பிடித்த ஆணியெல்லாம் தேயிலைப் பானைக்குள் போயிற்று; படங்கு முழுக்கக் கறுத்தது.

மறுநாள், விளையாட்டு நடக்கும் இடத்து வாசலில் நின்றவர் அவள் கவசத்தைத் தடவிப் பார்த்தார்.

"எந்த மாட்டுத் தோலு?"

"சாக்குண்ணே."

நம்பாமல் மோந்து பார்த்தார். டீ வாசனை. சிரித்துக்கொண்டே வழிவிட்டார்.