ஜோடியாக வந்தால் குவார்ட்டர்ஸ்

மாவு புளிக்காதாம், அந்தக் குளிரில் என்ன செய்தாலும் புளிக்காதாம், ராத்திரி கரைத்து வைத்த மாவு காலையிலும் வைத்தது வைத்தபடி உட்கார்ந்திருக்குமாம், போன ஞாயிற்றுக்கிழமை போனில் புருஷன் மாதவன் சொன்னது... சொல்லிவிட்டு அவனே சிரித்தான், துவைத்துப் போட்ட துணி நாள்கணக்கில் ஈரம் போகாமல் தொங்கும் என்றான், மழைக்காலத்தில் மலை சரிந்து ரோடே காணாமல் போய்விடும், காய்கறி வண்டிகூட மேலே ஏறாது என்றான், மகள் அபிராமிக்குப் பள்ளிக்கூடத்தில் எல்லாம் இந்திதான் என்றான், எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு, ‘சரி, நீ என்ன சொல்லுத?’ என்று கேட்டான். என்ன சொல்வது? நாகஜோதி பனியனைப் புரட்டினாள். தோள் தையல், கைத் தையல், கழுத்துப் பட்டி, கீழ்மடிப்பு, உள்ளே லேபிள், பழுதிருந்தால் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டித் தனியே, இல்லையென்றால் அடுக்கில்... சின்னப் பையன் போடுகிற அளவு, நீல நிறம், நெஞ்சில் ஒரு கரடி. இன்றைக்கு மதியச் சாப்பாட்டு நேரத்தில் பதில் சொல்லியாக வேண்டும். உத்தராகண்டில், டேராடூனுக்கும் மேலே, அவன் தைக்கிற கம்பெனியில் புதிதாகக் குவார்ட்டர்ஸ் கட்டியிருக்கிறார்கள், புருஷன் பொண்டாட்டி ஜோடியாக வேலைக்கு வந்தால்தான் வீடு, இன்று பெயர் கொடுக்காவிட்டால் வேறு ஜோடிக்குப் போய்விடும், அடுத்த கட்டடம் எழும்புகிறவரைக்கும் அவன் அங்கே, இவள் இங்கே. பொங்கலுக்கு மறுவாரம் போனவன், தீபாவளிக்கும் வரவில்லை, இப்படியே இருந்தால் இது என்ன குடும்பம்?

ஜோடி... இந்தத் திருப்பூரில் அந்த வார்த்தையைக் கேட்டுக் கேட்டே பாதி வயது போயிற்று. கல்யாணமான கையோடு சங்கரன்கோவிலில் ரயிலேறி வந்து இறங்கியபோது காண்ட்ராக்டர் முதலில் கேட்டதே ‘ஜோடியா?’ என்றுதான். அவன் டெய்லர், அவள் கைமடி, அவன் தைக்கத் தைக்க அவள் வெட்டின துண்டுகளை எடுத்து மடித்து நீட்ட வேண்டும், தைத்து விழுந்ததை நூல் நறுக்கி அடுக்க வேண்டும். ஜோடியாக வருகிறவர்கள் லீவு போட்டாலும் ஒன்றாகப் போடுவார்கள், சண்டை வந்தாலும் ஒருத்தரை விட்டு ஒருத்தர் வேறு கம்பெனிக்கு ஓட மாட்டார்கள் என்பது காண்ட்ராக்டர்களின் நினைப்பு, அது உண்மையும்தான். மெஷின் சத்தத்தில் பேச முடியாது, பேசத் தேவையும் இல்லை, அவன் இடது கையை நீட்டுவான், அவள் வைப்பாள். மாதவன் இடதுகைக்காரன், மற்ற கைமடிப் பெண்கள் கொடுப்பதற்கு நேர்மாறாக, கழுத்துப்பக்கம் அவளைப் பார்க்கிற மாதிரி திருப்பிக் கொடுக்க வேண்டும். பழகாத புதிதில் ஒருதரம் மாற்றிக் கொடுத்து, ஒரு கட்டு முழுக்கத் தப்பாகத் தைத்துவிட்டான், அந்தக் கட்டை அப்படியே எடுத்து அவள் முகத்தில் எறிந்தான், மொத்த லைனும் பார்த்தது. திட்டவில்லை, அடிக்கவில்லை. அன்று ராத்திரி போட்ட சோற்றைத் தின்றுவிட்டுப் படுத்தான், மறுநாள் காலையில் இடது கையை நீட்டினான், அவள் சரியாக வைத்தாள், அதோடு முடிந்தது... முடிந்ததா? அவளுக்கு டைபாய்டு வந்து கிடந்தபோது ரெண்டு பேர் வேலையையும் ஒருத்தனாகச் செய்து, வீட்டுக்கு வந்து கஞ்சியும் வைத்துக் கொடுத்தவன் அவன்தானே, அதையும்தானே நினைக்க வேண்டும்? ஆனால் கஞ்சி ஞாபகம் வந்த வேகத்தில் போய்விடுகிறது, எறிந்தது மட்டும் மெதுவாக வருகிறது, கட்டு பிரிந்து, ஒவ்வொரு துண்டாக...

‘ஏங்கண்ணு, ஊட்டுக்காரருக்கு என்ன பதில் சொல்லப் போற?’ பக்கத்து டேபிள் மருதாளக்கா. பெருமாநல்லூரிலேயே பிறந்து பெருமாநல்லூரிலேயே வாக்கப்பட்டவள், செக்கிங் செய்கிற கை ஒரு பக்கம் ஓடும், வாய் ஒரு பக்கம் ஓடும். தெரியலக்கா என்றாள் நாகஜோதி. ‘இதுல ரோசனை பண்ண என்ன இருக்குது? இங்கென்ன வேலை கொட்டியா கெடக்குது? அந்த அமெரிக்காக்காரன் வரியப் போட்டாலும் போட்டான், வாரத்துல பாதி நாளு கேட்டச் சாத்தீட்டு ஊட்டுக்குப் போங்கறாங்க. என்ற ஊட்டுக்காரரு என்னைய அவிநாசித் தேரத் தாண்டி எங்கியும் கூட்டீட்டுப் போனதில்ல, போனாலும் பொழுதோட திரும்பீரோணும், மாட்டுக்குத் தண்ணி காட்டோணும்பாரு. உன்னைய இமயமலைக்கே கூப்புடறாங்க, வேண்டாம்பியா?’ குளிரும்க்கா என்றாள். ‘குளுந்தா என்ன, அதுக்குத்தான் புருசன் இருக்கறாரல்லொ!’ சுற்றியிருந்த பெண்கள் எல்லாம் சிரித்தார்கள், நாகஜோதியும் சிரித்தாள், சிரிக்காமல் இருந்தால் அதற்கு வேறு அர்த்தம் சொல்வார்கள்.

மருதாளக்கா சொல்வதும் சரிதான், நல்லது என்று பார்த்தால் எத்தனையோ இருக்கிறது. சித்திரை வெயிலில் தகரக் கூரை லைன்வீட்டில் வேகவேண்டாம், வாயில் வைக்க முடியாத உப்புத் தண்ணீரில் குளிக்கவேண்டாம், லாரித் தண்ணீருக்குக் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டாம், பஞ்சுத்தூசியில் பிடித்த இந்த இருமல் அந்தக் காற்றுக்கு அடங்கினாலும் அடங்கும். அபிராமிக்குப் போக ஆசை. ஒன்பதாவது படிக்கிற பிள்ளை, பக்கத்து அறையில் குடியிருக்கிற பீகார்க்காரப் பெண்ணிடம் இந்தி கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொள்கிறாள், சுவரில் பனிமலைப் படம் ஒட்டி வைத்திருக்கிறாள், அப்பாவுக்குப் பக்கத்தில் நின்று அந்த மலையோடு போட்டோ எடுக்க வேண்டுமாம், கம்பளிச் சட்டை என்ன கலர் என்பதுவரை முடிவாகிவிட்டது. வேண்டாமென்றால் அந்த முகம் என்ன ஆகும்? போகலாம் என்றால்... ஊரில் அம்மாவுக்கு ஒன்று ஆகிவிட்டால் ரயில் மாறி ரயில் மாறி வந்து சேர்வதற்குள் எடுத்துவிடுவார்கள், இடுகாட்டுக்குப் போய் மண்மேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். பத்தாம் வகுப்பை இந்தியில் எழுதித் தேற முடியுமா? காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் எங்கே வலிக்கிறது என்று எந்தப் பாஷையில் சொல்வாள்? மலையை வேண்டாமென்று தள்ள இவ்வளவு போதாதா, போதும், ஆனால் உண்மையில் தடுப்பது இதெல்லாம்தானா...

‘ஏ ஜோதி! என்ன பிள்ள, கழுத்தெல்லாம் ஒன்னப் பாத்து இருக்கு? அயர்ன் நீ போடப் போறியா, நான் போடணுமா?’ அயர்ன் டேபிளில் நிற்கிற அந்தோணிராஜ் அண்ணாச்சி, தூத்துக்குடிக்காரர், குரல் மெஷின் சத்தத்தையும் தாண்டும். நாகஜோதி திரும்பிப் பார்த்தாள். காலையிலிருந்து பார்த்துப் பார்த்து வைத்த அடுக்கு, ஒன்றுவிடாமல் தலைகீழாக, கழுத்துப்பக்கம் அவளைப் பார்த்துக்கொண்டு... இடதுகைக்காரனுக்கு அடுக்குகிற அடுக்கு. எப்போது ஆரம்பித்தது இது? தெரியாம வச்சிட்டேன் அண்ணாச்சி. ‘தெரியாமயா? மாதவன் இங்க இல்ல பிள்ள, மலையில இருக்கான். அங்க போயி இப்பிடி அடுக்கு, அவன் சந்தோசப்படுவான்.’ மறுபடியும் சிரிப்பு. சூப்பர்வைசர் திருமூர்த்தி எழுந்து வந்துவிட்டார், அவருக்குக் கோபம் வந்தால் மரியாதை கூடும். ‘ஏனுங்கம்மா, இன்னிக்கு லோடு போகோணுமுங்க. மலைக்கு அப்பறமாப் போலாமுங்க, மொதல்ல இதத் திருப்பி அடுக்கீருங்க.’ சரிங்க சார், சரிங்க. அவள் ஒவ்வொன்றாகத் திருப்பினாள். முகம் சுட்டது. இந்தக் கைக்கு என்ன வேண்டியிருக்கிறது? ஆசையா, பயமா? பத்து மாதமாகப் பக்கத்தில் இல்லாத ஒருத்தனுக்கு எதற்காக எடுத்து வைக்கிறது?

பத்து மாதம்... அவன் போன பிறகுதான் கைமடியை விட்டுச் செக்கிங்குக்கு மாற்றிக் கேட்டாள், கேட்டதும் கொடுத்துவிட்டார்கள், இத்தனை வருஷம் கேட்டிருக்கலாம் என்றே தோன்றாமல் இருந்திருக்கிறது. ஜன்னலோரம் ஒரு இடம், வெளிச்சம், வாய்விட்டுப் பேசிக்கொண்டே வேலை செய்யலாம். கைமடியாக இருந்தவரைக்கும் ‘மாதவன் ஜோடி’ என்றுதான் கூப்பிட்டார்கள், இப்போது திருமூர்த்தி சார்கூட ஏசும்போதாவது அம்மா என்கிறார். சாயங்காலம் அபிராமியும் அவளும் ஒரே தட்டில் போட்டுக்கொண்டு டீவி பார்த்துச் சாப்பிடுகிறார்கள், ஒருநாள் அபிராமி விழுந்து விழுந்து சிரித்துவிட்டுச் சட்டென்று நிறுத்தினாள், ‘அப்பா இருந்தா இவ்வளவு சத்தமாச் சிரிக்க மாட்டோம்லம்மா’ என்றாள், சொல்லிவிட்டு டீவி சத்தத்தைக் கூட்டினாள். அவன் குடிகாரன் இல்லை, வேறு பெண் சகவாசம் என்று யாரும் ஒரு சொல் சொன்னதில்லை, மாதாமாதம் பணம் வந்துவிடுகிறது, அப்படிப்பட்டவனோடு வாழப் போகமாட்டேன் என்று எந்த வாயால் சொல்வது, யாரிடம் சொல்வது? அங்கே போனால் அவன் மெஷினுக்கே கைமடி. அதையும் அவன் சொல்லியிருக்கிறான், ‘நம்ம பழையபடி இருந்துக்கிடலாம்.’ பழையபடி. அதை நல்லதில் சேர்ப்பதா, கெட்டதில் சேர்ப்பதா?

சாப்பாட்டு மணி அடித்தது. கழுவின கையோடு சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் போனாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டான். சாப்பிட்டியா? இனிமேத்தான், நீங்க? ம். காற்று இரைகிற சத்தம் கேட்டது, வெளியில் நிற்கிறான் போலிருக்கிறது, அவளைப் போலவே. வாரேன் என்று சொல்லப் போகிறாளா, வரலை என்று சொல்லப் போகிறாளா, அந்த நொடிவரைக்கும் அவளுக்கே தெரியாது, வாயைத் திறந்தபோது வந்தது, ‘அபிராமிக்கு அடுத்த வருசம் பத்தாவது...’ ‘ஆமா, அது ஒண்ணு இருக்குல்ல’ என்றான். எங்க அம்மைக்கும் முந்தி மாதிரி இல்ல. ‘ஆமா ஆமா, ஆத்திர அவசரத்துக்கு இங்கருந்து வர முடியாது.’ எனக்கும் இந்த இருமலு, குளிரு தாங்குமோ என்னமோ. ‘தாங்காது ஜோதி, நாந்தான் சொன்னேம்லா.’ பிறகு அவனே கேட்டான், ‘அப்ப வேற ஜோடிக்குக் குடுத்திரச் சொல்லட்டா?’ சொல்லிருங்க, அடுத்த வருசம் பாத்துக்கிடுவோம். ‘அதுதான் சரி’ என்றான், சட்டென்று. அதற்குப் பிறகு அவன் குரலே வேறாக இருந்தது, தக்காளி என்ன விலை என்று கேட்டான், தங்கியிருக்கிற இடத்தில் ஒரு குரங்கு யாரோ ஒருத்தன் காயப்போட்ட ஜட்டியைத் தலையில் மாட்டிக்கொண்டு ஓடியதைச் சொன்னான், அவள் சிரித்தாள், அவனும் சிரித்தான், கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இவ்வளவு நேரம் அவர்கள் சிரித்துப் பேசியதாக ஞாபகம் இல்லை. போனை வைத்த பிறகு பசித்தது, நன்றாகவே பசித்தது.

டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டு உட்கார்ந்தபோது மருதாளக்கா நகர்ந்து இடம் விட்டாள். ‘என்ன கண்ணு, மூஞ்சி தெளிஞ்சிருச்சு. வரச் சொல்லீட்டாரா?’ நாகஜோதி பிசைந்த சோற்றோடு நிறுத்தினாள். வரச் சொன்னாரா? குளிர் சொன்னான், மழை சொன்னான், ரோடு சொன்னான், பள்ளிக்கூடம் சொன்னான், மாவு புளிக்காததைச் சொன்னான்... வா என்று? ஞாயிற்றுக்கிழமை? இல்லை. அதற்கு முன்னால், தீபாவளிக்குப் பேசியபோது? நீ என்ன சொல்லுத என்றான், என்ன செய்யலாம்ங்குத என்றான், வா என்று எப்போது... சரி, அவளாவது ஒருதரம் வாரேன் என்று சொன்னாளா, வரணும்போல இருக்கு என்று ஒரு பேச்சுக்காவது? யாரும் வேண்டாம் என்று சொல்லவே இல்லையே, ஆனால் வீடு போய்விட்டது. சாயங்காலம் அபிராமி பையை எறிந்துவிட்டு ஓடிவந்து கேட்பாள், யாரம்மா வேண்டாம்னது என்று கேட்பாள், அந்தப் பிள்ளையிடம் யாரைக் காட்டுவது? மருதாளக்கா இன்னும் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ‘அவுக கூப்பிடத்தான் செஞ்சாகக்கா, நாந்தான் வரலைன்னுட்டேன்.’ அவன் மானத்தைக் காப்பாற்றுகிற ஒரு பொய் என்று நினைத்துத்தான் அதைச் சொன்னாள், சொல்லி முடித்த பிறகு, தன் காதாலேயே அதைக் கேட்ட பிறகு, அதில் பாதி பொய்யில்லை என்று தெரிந்தது... எந்தப் பாதி?