சத்தம் ஆகாத நெவில்

ஐந்தாம் நாளாக விடாத மழை. கருமண் பாதை சேறாகி, இரண்டு பக்கமும் சாலையை மூடிவிட்டார்கள். ஊர் சுற்ற எடுத்துவந்த வண்டிவீட்டின் கூரையில் சோலார் தகடுகள் சும்மா நனைந்துகொண்டிருந்தன. பேட்டரியில் எட்டு சதவீதம். பெவர்லியின் ஆக்சிஜன் இயந்திரம் அதையும் குடித்துக்கொண்டிருந்தது.

அவள் புருஷன் நெவிலின் வீம்பு கொஞ்சநஞ்சமல்ல. "மேல சூரியன் இருக்கு, வேறென்ன வேணும்?" என்று வண்டி எஞ்சினிலிருந்துகூட அந்தப் பேட்டரிக்கு ஒயர் இழுக்காத மனிதர். மகள் அழுது வாங்கிக்கொடுத்த ஜெனரேட்டர் கட்டிலடியில் பிரிக்காமலே கிடந்தது. போன வாரம் பக்கத்தில் வண்டியை நிறுத்தி ஜெனரேட்டர் ஓட்டிய ரஸ்ஸலை, "சத்தம் தாங்கல, அந்தச் சனியனைத் தூக்கிட்டு அக்கரைக்குப் போய்யா" என்று ஓடை தாண்டி விரட்டியவரும் இவர்தான்.

இப்போது அந்தப் பெட்டியைப் பிரித்து, வெளியே கூடாரத்துணிக்கு அடியில் வைத்து, பெட்ரோல் ஊற்றிக் கயிற்றை இழுத்தார். முப்பது தடவை. இருமக்கூட இல்லை. உள்ளங்கைத் தோல்தான் உரிந்தது.

"ரஸ்ஸலைக் கேளு, நெவ்," என்றாள் பெவர்லி, சொல்லுக்குச் சொல் மூச்சு வாங்கி.

"அவன் மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

"நாளைக்கு என் மூஞ்சில முழிக்கணும்னா போ."

ஓடினார். ஓடை கரைபுரண்டு போயிற்று. அக்கரையில் ரஸ்ஸல் கூடாரத்துணிக்கு அடியில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவருடைய ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. நெவில் தொண்டை கிழியக் கத்தினார். மறுபடி சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து ரஸ்ஸல் திரும்பி உட்கார்ந்துகொண்டார். ஐயோ, நான் செய்த வினை! நெவில் சட்டையைக் கழற்றி வீசி வீசி ஆட்டினார். கடைசியில் ரஸ்ஸல் திரும்பிப் பார்த்து ஜெனரேட்டரை அணைத்தார்.

"இன்னும் என்னய்யா?"

"என்னோடது ஓடல! பெவ்வுக்கு மூச்சுத் திணறுது!"

"ஆயில் ஊத்தினியா?"

"பெட்ரோலா? ஊத்தினேனே!"

"எஞ்சின் ஆயில்யா! புதுசு காலியாத்தான் வரும். ஆயில் இல்லாம அது கிளம்பவே கிளம்பாது!"

வண்டிக்கு வைத்திருந்த ஆயில் புட்டியோடு நெவில் மண்டியிட்டபோது, உள்ளே ஆக்சிஜன் இயந்திரம் கீச்சிட ஆரம்பித்திருந்தது. அவசரத்தில் பாதி ஆயில் சேற்றில் போயிற்று. முதல் இழுப்பு. இரண்டாவது. மூன்றாவதில் அது உறுமி எழுந்தது. ஒயரைச் செருகினார். கீச்சொலி நின்றது. பெவர்லியின் மார்பு மெல்ல ஏறி இறங்கியது.

அக்கரையிலிருந்து ரஸ்ஸல் கைகளைக் குவித்து, "யோவ், சத்தம் தாங்கலய்யா!" என்று கத்தினார். நெவிலுக்கு அது காதில் விழவில்லை. ஜெனரேட்டர் பக்கத்திலேயே சேற்றில் உட்கார்ந்து ஓவென்று அழுதுகொண்டிருந்தார்.