பெட்டிக்குத் தெரிந்த ஊர்

சாப்பிட உட்கார்ந்த தனபால் சோற்றில் கை வைக்கவில்லை. பக்கத்தில் இருந்த தம்பி ஜீவானந்தத்தைப் பார்த்துக் கேட்டான்.

"உம்பட பொண்டாட்டி போனு தெனமும் சிங்கப்பூரு போயிட்டு வருது. அங்க ஆரு இருக்கறாங்கன்னு கேளு."

ரசச் சட்டியோடு வந்த பிரவீனா அப்படியே நின்றாள். அவள் எதிரே இருந்தாலும் தனபால் தம்பி வழியாகத்தான் பேசுவான். தம்பி மனைவிக்குத் தரும் மரியாதை என்று அதற்குப் பெயர். வசவும் அதே வழியில்தான் வந்து சேரும்.

எருமப்பட்டிக்கு வெளியே, கோழிப்பண்ணையும் வீடும் ஒரே காம்பவுண்டுக்குள் இருந்தன. வீட்டுக்குள் டவர் எடுக்காது. கேட்டைத் தாண்டி ரோட்டுக்குப் போனால்தான் எடுக்கும். ஷெட்டுகளிலும் கேட்டிலும் கேமரா மாட்டியபோது தனபால் வாங்கிப் போட்ட வைஃபை பெட்டிதான் எல்லோருக்கும். எந்த போன் எந்த வெப்சைட்டுக்குப் போகிறது என்பதை அவன் தன் போனில் பார்த்துக்கொள்வான். "கேட்டுல வர்ற வண்டிக்கெல்லாம் மருந்து அடிக்கறமல்ல? இல்லீன்னா சீக்கு உள்ள வந்துரும். ஊட்டுக்கும் அப்படித்தான்" என்பான்.

பிரவீனா லேப் டெக்னீஷியன் படித்தவள். போன வருஷம் கோயமுத்தூர் ஆஸ்பத்திரி ஒன்றின் வேலை அறிவிப்பை இரண்டு மூன்று தடவை திறந்து பார்த்து, விண்ணப்பமும் போட்டாள். வீட்டில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் தனபால் அந்த ஆஸ்பத்திரிக்கே போன் போட்டு, "எங்க ஊட்டுப் பொண்ணு வேலைக்கெல்லாம் வராதுங்க, கூப்புட்டுத் தொந்தரவு பண்ணாதீங்க" என்று சொல்லிவிட்டான். அவள் விண்ணப்பம் அதோடு போயிற்று.

அதற்குப் பிறகு வழி சொன்னவள் கூடப் படித்த தமிழ்ச்செல்வி. "உங்க ஊட்டுப் பொட்டி, போற தபாலு ஒவ்வொண்ணு மேலயும் இருக்கற விலாசத்தப் படிக்குது. விபிஎன் போட்டீன்னா அத்தனை தபாலும் பூட்டுன ஒரே பையில வேற ஊருக்குப் போகும். அங்க போயித்தான் பிரியும். பை எந்த ஊருக்குப் போச்சுங்கறது மட்டும்தான் பொட்டிக்குத் தெரியும். ஓசி ஆப்பு மட்டும் போட்ராத. அத நடத்தறவன் உங்க மச்சாண்டாரு மாதிரியே உக்காந்து பார்ப்பான்."

தமிழ்ச்செல்வி காசு கட்டி வைத்திருந்த கணக்கிலேயே பிரவீனா அதைப் போட்டுக்கொண்டாள். எந்த ஊர் வழியாகப் போக வேண்டும் என்று ஆப் கேட்டது. சிங்கப்பூர் வேகமாக இருக்கும் என்றது. யோசிக்காமல் அமுக்கிவிட்டாள்.

யோசித்திருக்க வேண்டும். அவளுடைய அத்தை மகன் அன்பழகன் சிங்கப்பூரில் வேலை செய்கிறான். மோகனூரில் அவளைப் பெண் பார்க்க இந்த வீட்டார் வருவதற்கு முன்னால், அவனுக்குக் கொடுப்பதாகத்தான் பேச்சு இருந்தது.

"முறைமாப்பிள்ளை மேல இன்னும் நெனப்புப் போகல போல" என்றாள் மாமியார் காளியாத்தாள்.

"போனைக் குடு" என்றான் ஜீவானந்தம், அண்ணன் முகத்தைப் பார்த்தபடியே.

போனைக் கொடுத்தால் அன்பழகன் இல்லை என்பது தெரிந்துவிடும். கூடவே, வெள்ளிக்கிழமை காலையில் எந்த ஆஸ்பத்திரி அவளை வீடியோவில் இன்டர்வியூ செய்கிறது என்பதும் தெரிந்துவிடும். தனபால் மறுபடியும் ஒரு போன் போடுவான். பூட்டின பை வழியில் போவதைத்தான் மறைக்கும். கையில் இருக்கும் போனை வேறு யாராவது பிடுங்கித் திறந்தால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

அவள் சட்டியைக் கீழே வைத்தாள்.

"பெரிய மாமா, உங்க போனுல இப்பப் பாருங்க. என்ற போனு எங்க இருக்குது?"

தனபால் பார்த்தான். "சிங்கப்பூருதான்" என்றான், தம்பியிடம்.

அவள் தன் போனில் ஊரை மாற்றினாள். "இப்ப?"

அவன் கொஞ்ச நேரம் தடவித் தேடினான். வாய்க்குள்ளேயே ஏதோ முனகினான்.

"சத்தமாச் சொல்லுங்க. அத்தைக்கும் கேக்கட்டும்."

"ஜெர்மனி" என்றான், தம்பி பக்கம் திரும்பி.

"ஜெர்மனியிலயும் எனக்கு முறை இருக்குதுங்களா, அத்தை?"

காளியாத்தாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததற்காகவே கோபமும் வந்தது. "அப்பறம் எதுக்குடி ஒளிக்கற?"

"பாக்கறாங்கல்ல, அதனாலதானுங்க."

"ஒளிக்கறதுக்கு ஒண்ணும் இல்லாதவ எதுக்கு ஒளிக்கணும்னு கேளு" என்றான் தனபால் தம்பியிடம்.

"குளிக்கறப்ப இவுங்களும் கதவைச் சாத்தித்தான் குளிக்கறாங்க. உள்ள என்ன திருட்டு வேலையா நடக்குதுன்னு நீங்க கேளுங்க" என்றாள் பிரவீனா, அதே ஜீவானந்தத்திடம்.

அவன் இருவருக்கும் நடுவில் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான்.

தனபால் இலையை மடக்காமலே எழுந்தான். நின்றபடியே தன் போனை எடுத்து, அவள் போனைப் பெட்டியிலிருந்து நீக்கினான். "இந்த ஊட்டு லைனு இனி உனக்கு இல்ல." கல்யாணமாகி வந்த பிறகு அவன் நேராக அவளிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

வெள்ளிக்கிழமை பிரவீனா துவைத்த புடவையைக் கட்டிக்கொண்டு, கேட்டின் மருந்துத் தொட்டியில் கால் நனைத்து ரோட்டுக்குப் போனாள். அங்கே அவளுடைய சிம்முக்கே டவர் எடுத்தது. கேட்டு கேமரா பார்க்கும். அதற்குக் காது கிடையாது. தீவன லாரிகள் போகும் ரோட்டோரத்தில் அதற்கு முதுகைக் காட்டி நின்று, காதில் இயர்போனை மாட்டிக்கொண்டாள்.

ரத்தப் பரிசோதனை பற்றிக் கேட்டார்கள். சொன்னாள். பின்னால் என்ன சத்தம் என்று கேட்டார்கள்.

"கோழிப்பண்ணைங்க."

எந்த ஊர் என்றார்கள்.

"எருமப்பட்டிங்க." அந்த போன் பல நாளைக்குப் பிறகு தன் சொந்த ஊரைச் சொன்னது.

அந்தப் பக்கம் இரண்டு பேர் மெதுவாகப் பேசிக்கொள்வது கேட்டது. பின்னால் கேட்டு கிறீச்சிட்டது. கேமராவில் பார்த்துவிட்டு தனபால் நடந்தே வந்துகொண்டிருந்தான். அவள் திரும்பவில்லை. அவன் நிழல் அவள் காலடிக்கு வந்தபோது, அடுத்த மாதம் முதல் தேதி சேர முடியுமா என்று காதுக்குள் கேட்டார்கள்.

"வாரேனுங்க" என்றாள். போனை அணைத்தாள்.

"எங்க வாரே? ஆருகிட்டச் சொன்ன?" என்றான் தனபால்.

"பேசி முடிச்சா வாரேன்னு சொல்லாம வேற என்னன்னு சொல்லறதுங்க, பெரிய மாமா?"

அவன் தன் போனைக் கையில் எடுத்தான். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அவனால் யாருக்கும் போன் போட முடியாது. பிரவீனா அவனைச் சுற்றிக்கொண்டு போய், மருந்துத் தொட்டியில் மறுபடியும் காலை நனைத்து உள்ளே நடந்தாள்.