பிளக்கைப் பிடுங்கினால் யார் கத்துவார்கள்?

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை. என் மனைவியின் தங்கை சாப்பாட்டு மேசையில் சொன்னதைச் சுட்டது. அவள் ஓர் அலுவலகத்தின் பொதுக் கணினிகள் ராப்பகலாக ஓடும் சர்வர் அறையைப் பார்த்துக்கொள்கிறவள்.

"ஒரு மெஷின் யாருதுன்னு தெரியலைன்னா என்ன செய்வோம் தெரியுமா மாமா? பேசாம பிளக்கைப் புடுங்கிடுவோம். யாரு கத்துறாங்களோ அவங்கதான் ஓனர். யாரும் கத்தலைன்னா இத்தனை நாளா தண்டத்துக்கு ஓடியிருக்குன்னு அர்த்தம்."

சாப்பிடுவதை நிறுத்திவிட்டேன். முப்பது வருடமாக எழுதுகிறேன். ஒரு வாக்கியம் வேண்டுமா வேண்டாமா என்று கண்டுபிடிக்க இப்படி ஒரு சுலப வழி இருப்பது இதுவரை தெரியாமல் போயிற்றே! எனவே இந்தக் கதையும் சிக்கனமாக, அதே முறையில் எழுதப்படுகிறது. சதுர அடைப்புக்குறி வந்தால் நான் எதையோ பிடுங்கியிருக்கிறேன் என்று கொள்ளவும்.

2

முதல் தொடக்கம்: உலகெங்கும் கணினிகள் குடிக்கும் மின்சாரம் நாளுக்கு நாள்—

[பிடுங்கினேன். யாரும் கத்தவில்லை. மனைவி மட்டும் கொட்டாவி விட்டாள்.]

இரண்டாவது தொடக்கம்:

சுவிட்ச் அக்கா என்பது மனைவியின் தங்கைக்கு அலுவலகம் வைத்த பெயர். ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்தால் அவளுக்குப் பொறுக்காது. அந்த வாரமோ அவள் தூக்கத்தைக் கெடுத்தது வேறொன்று.

"கரண்ட் பில்லு எகிறுது, வெள்ளிக்கிழமைக்குள்ள பத்து மெஷினை நிறுத்தணும்மா. இல்லைன்னா மொத்த ரூமையும் காலி பண்ணி வெளியூர்ல வாடகை இடத்துல வெச்சிடச் சொல்லி மேலிடத்து உத்தரவு" என்று மேலாளர் சொல்லியிருந்தார்.

சர்வர்கள் போகிற ஊருக்குத்தான் அவளும் போக வேண்டும். ரயிலில் ஆறு மணி நேரம். மகளின் பள்ளியோ அலுவலகத்துக்கு எதிர்ச் சந்தில் இருந்தது. மதியம் அங்கே மணி அடித்தால் அவளுடைய ஜன்னலில் கேட்கும்.

ஒன்பதை நிறுத்தியாயிற்று. பத்தாவதாக, கீழ்த்தட்டில் தூசி மண்டி உறுமிக்கொண்டிருந்த ஒரு பழைய பெட்டி. "இது யாருடையது?" என்று எல்லோருக்கும் மூன்று முறை மின்னஞ்சல் அனுப்பினாள். மூச்சுப் பேச்சு இல்லை. செவ்வாய்க்கிழமை காலை பிளக்கைப் பிடுங்கினாள்.

அன்று மதியம், கூட்டிப் பெருக்கும் அம்மா வாளியோடு வாசலில் வந்து நின்று, "ஏம்மா, மூணாவது மாடியில ஒரு—"

[பிடுங்கினேன். இவ்வளவு சின்னக் கதையில் இன்னோர் ஆள் எதற்கு? போதாததற்கு வாளி வேறு.]

3

புதன்கிழமை கத்தியது ஒரே ஒருவர், மேலாளர். அதுவும் சந்தோஷத்தில். "பத்துக்குப் பத்து! சபாஷ்!" என்று அலுவலகம் முழுவதற்கும் மின்னஞ்சல் தட்டிவிட்டார். சுவிட்ச் அக்கா மகளுக்குப் புதுப் பென்சில் பெட்டி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

வியாழக்கிழமை, அந்தந்த நேரத்தில் ஓடும் மின்சாரத்தைக் காட்டும் மீட்டர்களைப் பார்த்தாள். பார்க்காமலே இருந்திருக்கலாம், ஆனால் பிறவிக் குணம் போகுமா? சர்வர் அறையின் மீட்டர் கொஞ்சம் இறங்கியிருந்தது. கட்டடத்தின் மீட்டர் அதைப்போல எட்டு மடங்கு ஏறியிருந்தது.

ஏசியைப் பார்த்தாள், லிஃப்டைப் பார்த்தாள், காபி மெஷினைக்கூடச் சந்தேகப்பட்டாள். ஒன்றும் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. கதை இங்கே இரண்டு நாள் நின்றுவிட்டது. மடிக்கணினி தொடையைச் சுட்டதுதான் மிச்சம்.*

* யோசிக்கும்போது மூடி வைக்கலாமே என்கிறாள் மனைவி. மூடிவிட்டால் நான் யோசிப்பது யாருக்குத் தெரியும்?

பிறகுதான் உறைத்தது. விடை தெரிந்தவர் ஒருவர் இருந்தார். அவரை நான்தான் பிடுங்கிப் போட்டேன். மன்னிப்புக் கேட்டுத் திருப்பிச் செருகுகிறேன்.

4

கூட்டிப் பெருக்கும் அம்மா வாளியோடு வந்து நின்றார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"செவ்வாக்கிழமையே சொல்ல வந்தேன். பாதியில வாயை அடைச்சாச்சு."

"இப்ப சொல்லுங்கம்மா."

"மூணாவது மாடியில ஒரு ஈ காக்கா கிடையாது. நான் பெருக்கப் போறப்போ மேல மாட்டியிருக்கிற வைஃபை பெட்டியெல்லாம் லைட்டு அணைஞ்சு தூங்கும். ஒண்ணு ரெண்டு மட்டும் காவலுக்கு முழிச்சிருக்கும். ஆளு வந்தாத்தான் மத்தது எந்திரிக்கும். செவ்வாயிலேருந்து ஒண்ணும் தூங்கல. நாலு மாடியிலயும் பச்சைப் பச்சையா முழிச்சுக்கிட்டு நிக்குது."

சுவிட்ச் அக்கா அவர் கையிலிருந்த துணியை வாங்கிப் பழைய பெட்டியைத் துடைத்தாள். தூசிக்கு அடியில் மார்க்கரில் எழுதியிருந்தது: வைஃபை பெட்டிகளைத் தூங்க வைப்பது. அணைக்காதே.

அவளுடைய கையெழுத்துதான். ஆறு வருடத்துக்கு முன்னால், பிரசவ விடுப்பில் போவதற்கு முதல் நாள் எழுதியது. திரும்பி வந்தபோது மனம் முழுக்க மகள்தான் இருந்தாள், பெட்டி இல்லை. அந்த மூன்று மின்னஞ்சலும் அவளுக்கும்தான் வந்தன. அவளும் பதில் போடவில்லை.

ஆக, கத்த வேண்டியவள் அவளேதான். கத்தினாள். வாளி உருண்டது.

பிளக்கைச் செருகியதும் கட்டடத்தின் மீட்டர் சரசரவென்று இறங்கியது. இருவரும் கைகொட்டிச் சிரித்தார்கள். சிரித்து முடித்த பிறகுதான் சுவிட்ச் அக்காவுக்கு நினைவு வந்தது: இப்போது ஒன்பதுதான். நாளை வெள்ளிக்கிழமை.

5

முடிவு ஒன்று: பெட்டியை மறுபடி அணைத்துவிடுகிறாள். மின்சாரம் போனால் போகிறது, மேலாளருக்கு எண்ணிக்கைதானே—

[பிடுங்கினேன். அவளைத் தெரிந்தவர்கள் என்னை அடிக்க வருவார்கள்.]

முடிவு இரண்டு: உண்மையைச் சொல்கிறாள். மேலாளர் கண்கலங்கி—

[பிடுங்கினேன். அந்தக் கண்ணீரைப் படித்து நானே கத்திவிட்டேன்.]

முடிவு மூன்று, கூட்டிப் பெருக்கும் அம்மாவின் யோசனை:

"பத்துதானே வேணும்? கீழ வாசல்ல அம்மாம்பெரிய டிவி இருக்கே, அதுக்குப் பின்னால ஒரு கம்ப்யூட்டர் ராப்பகலா ஓடுது. அதை யாரு பார்க்கிறா?"

யாரும் பார்ப்பதில்லை. விருந்தினர் சோபாவே அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் கிடந்தது. திரை முழுக்க ஒரு பச்சை இலை, நடுவில் 'மின்சாரத்தைச் சேமிப்போம்', மூலையில் மேலாளரின் சிரித்த முகம்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு இருவரும் கீழே போனார்கள்.

"இதுக்கு ஓனர் யாருன்னுதான் தெரியுமேம்மா?" என்று கேட்டார் கூட்டிப் பெருக்கும் அம்மா.

"தெரியும். ஆனா கத்துறாரான்னு பார்க்கணும்ல?"

பிடுங்கினாள். இலை போயிற்று, சிரித்த முகமும் போயிற்று. லிஃப்ட் திறந்தது. உள்ளே மேலாளர். இருண்ட திரையைப் பார்த்தார். அவள் கையிலிருந்த பிளக்கைப் பார்த்தார். வாயைத் திறந்து—

[ ]

6

அப்புறம் என்ன ஆயிற்று என்று மனைவியின் தங்கைக்கு ஃபோன் போட்டுக் கேட்டேன்.

"கதையில நீங்கதானே புடுங்கினீங்க? யாராவது கத்துறாங்களான்னு பாருங்க மாமா" என்று சிரித்தாள்.

அவள் சிரிப்புக்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூட மணி கேட்டது. எந்த ஊர்ப் பள்ளி என்று நான் கேட்கவில்லை. உங்களுக்குத் தெரிந்தே ஆக வேண்டுமென்றால், கத்துங்கள்.