டயானாவைத் தேடிப்போன வண்டி

சூசை வந்து உதவி கேட்பதற்கு முன்பே அமல் லாரிச் சாவியைக் கையில் எடுத்துவிட்டான். அவன் மனைவி மார்கரெட் அதைக் கவனித்தாள்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. களமருதூர் டீக்கடை டிவி முன்னால் ஊரே நின்றது. சுமத்ரா பக்கம் கடலுக்கடியில் பூமி அதிர்ந்ததாம். அதனால் கடல் எழும்பிக் கடலூர் வரைக்கும் கரையேறிவிட்டதாம். தேவனாம்பட்டினம் என்ற பெயரை டிவியில் சொன்னதும் அமல் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தான். சூசையின் மகள் டயானா அங்கேதான் வாழ்க்கைப்பட்டிருந்தாள்.

"எங்க கெளம்பிட்ட?" என்றாள் மார்கரெட்.

"கடலூருக்கு. சூசை மாமா பாவம், தனியா எப்டிப் போவாரு?"

சூசை அப்போதுதான் தெருமுனையில் அழுதுகொண்டே வந்துகொண்டிருந்தார். அமல் அவரை மாமா என்று கூப்பிடுவதே மார்கரெட்டுக்குப் பிடிக்காது.

"நானும் வரேன்" என்று ஏறி உட்கார்ந்தாள்.

அவள் திருக்கோவிலூரிலிருந்து இந்த ஊருக்குக் கல்யாணமாகி வந்தவள். வந்த முதல் வாரமே குழாயடியில் அமலின் பழைய விஷயம் காதில் விழுந்துவிட்டது. வேதத்தில் சேர்ந்து கிறிஸ்தவர்களாகிவிட்டதால் தங்களுக்கு எஸ்.சி. சலுகை கிடையாது என்பதை எதிர்த்து, இட ஒதுக்கீடு கேட்டு ஊர்வலம் ஊர்வலமாகப் போய்க்கொண்டிருந்த வருடங்கள் அவை. எந்த ஊரில் ஊர்வலம் நடந்தாலும் டயானாதான் முன்வரிசையில் நின்று கோஷம் எடுத்துக் கொடுப்பாள். அவளுக்கு அப்படி ஒரு குரல். பின்னால் வரும் ஆயிரம் பேரில் அமல் குரல் மட்டும் தனியாகக் கேட்கும் என்று பெண்கள் சொல்லிச் சிரித்தார்கள். அவன் அவளிடம் எதுவும் சொன்னதில்லை. சூசை படகு இன்ஜின் மெக்கானிக் லூர்துவைப் பார்த்து மகளைக் கட்டிக் கொடுத்துவிட்டார். அமல் கல்யாணப் பந்தலுக்கு வாழைமரம் ஏற்றி வந்து இறக்கினானாம்.

பண்ருட்டி தாண்டும்போது மார்கரெட் குனிந்து பார்த்தாள். அமலின் காலில் செருப்பு இல்லை. போன வருடம் அவளைத் தேள் கொட்டியபோது, தலையைச் சீவிக்கொண்டுதான் வண்டியை எடுத்தான். பக்கத்தில் சூசை ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்ததால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கடலூரில் ஜனங்கள் எதிர்ப்பக்கமாக ஓடி வந்துகொண்டிருந்தார்கள். அரசு ஆஸ்பத்திரி வராந்தாவில் டயானா கிடைத்தாள். சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உடம்பெல்லாம் சேறு. கண் திறந்திருந்தது, ஆனால் யாரையும் பார்க்கவில்லை. சூசை மகளைக் கட்டிக்கொண்டு கதறினார். அமல் இரண்டடி தள்ளி நின்றான். அவன் முகத்தைப் பார்த்த மார்கரெட் சட்டென்று குறுக்கே போய் டயானா முன்னால் உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகு ஏதாவது செய்தாக வேண்டும். முந்தானையைத் தண்ணீரில் நனைத்து அவள் முகத்தைத் துடைத்தாள். காதில் அடைத்திருந்த மண்ணை விரலால் எடுத்தாள்.

பிறகு லூர்துவைத் தேடக் கிளம்பினாள். யாரும் அப்படித் தேடியிருக்க மாட்டார்கள். வார்டு வார்டாக நுழைந்தாள். மண்டபங்களில் ஏறி இறங்கினாள். வரிசையாகக் கிடத்தியிருந்த உடல்களின் மேலிருந்த துணியை ஆண்களே தொடத் தயங்கியபோது, அவள் விலக்கிப் பார்த்தாள். லூர்து உயிரோடு இருக்க வேண்டும். இருந்தால்தான் டயானா கடலூரிலேயே இருப்பாள். மாதாவிடம் அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டாள். கூடப் பிறந்தவள்கூட இப்படி அலையமாட்டாள் என்று சூசை கையெடுத்துக் கும்பிட்டார்.

லூர்து கிடைத்தான், உயிரோடு இல்லை. டயானா களமருதூருக்கு அப்பா வீட்டோடு வந்துவிட்டாள்.

அதன் பிறகு சாயங்காலமானால் அமல், "சூசை மாமாவ ஒரு எட்டு பாத்துட்டு வரேன்" என்று கிளம்பினான். மார்கரெட் மீன் வாங்குவதை விட்டுவிட்டாள். கருவாட்டுக் குழம்பும் கிடையாது. மீன் வாசனை டயானாவுக்கு ஆகாது, நீ கொண்டுபோற கிண்ணத்துல வீசப்போவுது என்று அமல் ஒருநாள் சொல்லிவிட்டதுதான் காரணம். ஆமாம், கிண்ணத்தில் குழம்பு கொண்டுபோனவளும் அவள்தான். அந்தச் சாக்கில் உள்ளே போய் யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வருவாள். டயானா எப்போதும் உள்ளே சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். அமல் வாசலில் சூசையோடு பேசிக்கொண்டிருப்பான். குறை சொல்ல ஒன்றும் இருக்காது. அதுதான் அவளை இன்னும் அரித்தது. தெருவே டயானாவுக்காகத் தாழ்ந்த குரலில் பேசியது, பூசையில் சாமியார் அவள் பெயரைச் சொல்லி மன்றாடினார். தனக்கு ஒரு துக்கம் வந்தால் இவன் இப்படி உட்காருவானா என்று மார்கரெட் நினைத்தாள். நினைத்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

அடுத்த கோடையில் திருக்கோவிலூரில் மறுபடியும் ஊர்வலம். டயானாவைக் கூட்டிப்போனால் மனசு மாறும் என்று சூசைதான் சொன்னார். அமல் லாரியைக் கழுவித் துடைத்தான். மார்கரெட் டயானாவின் தோளோடு தோளாக நடந்தாள், இடையில் ஒரு ஆள் நுழைய இடமில்லாமல்.

கடைத்தெருவில் திரும்பும்போது பின்னாலிருந்து கூட்டம் ஒரே குரலாகக் கத்திக்கொண்டு வேகமாக வந்தது. டயானா காதுகளைப் பொத்திக்கொண்டு நடுரோட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னா ஆச்சு, இன்னா ஆச்சு?" என்று அமல் ஓடிவந்து கையை நீட்டினான். டயானா அந்தக் கையைப் பிடிக்கவில்லை. மார்கரெட்டின் புடவையைப் பிடித்துக்கொண்டாள்.

பூட்டியிருந்த ஒரு கடைப் படியில் அவளை உட்காரவைத்து மார்கரெட் சோடா வாங்கிக் கொடுத்தாள். அமலைத் தூரமாகப் போகச் சொல்லிவிட்டாள்.

"அப்டித்தான் சத்தம் வந்துச்சு, மார்கரெட்டு" என்றாள் டயானா. "அப்புறம் ஒண்ணும் கேக்கல. ஆஸ்பத்திரில யார் யாரோ பேசிக்கினு இருந்தாங்க, எனக்கு வாய் அசையறது மட்டும்தான் தெரிஞ்சிது. நீதான் காதுல வெரல வுட்டு மண்ண எடுத்த. அப்பதான் எங்கப்பா அழுவற சத்தமே கேட்டுச்சு."

டயானா மீதிச் சோடாவையும் குடித்தாள்.

"ஆமா, அன்னிக்கி பஸ்ஸே ஓடலன்னாங்களே. நீயும் அப்பாவும் எப்டி வந்தீங்க?"

"எங்க லாரிலதான்."

"அமலும் வந்துச்சா?" என்று டயானா கேட்டாள். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள்.

அன்று வீடு திரும்பும் வரை மார்கரெட்டுக்குக் கால் தரையில் படவில்லை. அமலிடம் சொல்லவில்லை. அந்த ஒரு வார்த்தையைப் பலகாரம் போல எடுத்து எடுத்து ருசித்தாள்.

மழைக்கு முன்னால் டயானாவுக்குக் கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பக்கம், பிள்ளைகள் விடுதி ஒன்றில் வேலை கிடைத்தது. கடலே பார்க்க முடியாத இடம் வேண்டும் என்று அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். அமல்தான் வண்டி எடுத்தான். சாமான்களை இறக்கிவைத்ததும் டயானா மார்கரெட்டைக் கட்டிக்கொண்டாள். அமலுக்கு ஒரு கும்பிடு போட்டாள்.

மலை இறங்கும்போது அமல் ரோட்டைப் பார்த்தபடியே கேட்டான்:

"அன்னிக்கி நாம கடலூர் போனதப் பத்தி அது எப்பனா பேசுச்சா?"

இத்தனை நாள் காத்திருந்தது இதற்குத்தான்.

"பேசினா. நீ வந்ததே அவளுக்குத் தெரியாதாம்."

"தெரியாதா?"

"உன்ன அவ பாக்கவே இல்லயாம்."

இரண்டு வளைவு தாண்டியதும் அமல் வண்டியை ஓரங்கட்டி இறங்கினான். பின்சக்கரத்தின் பக்கம் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். கண்ணாடியில் அவனைப் பார்த்த மார்கரெட்டுக்குச் சந்தோஷம் வரவில்லை. டயானாவின் மேல்தான் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. இத்தனை பெரிய ஆள் எதிரே நின்றுகொண்டிருந்தான். அப்படித் துடித்துப்போய் நின்றான். அதைப் பார்க்க ஒருத்திக்குக் கண் இல்லையா?

அமல் திரும்பி வந்து ஏறினான். கண் சிவந்திருந்தது.

"டயர்ல காத்து கம்மியா கீது" என்றான்.

"இருக்கட்டும். கள்ளக்குறிச்சில ரொப்பிக்கலாம்" என்றாள் மார்கரெட். மலை ஏறும்போது டயானா உட்கார்ந்து வந்த நடு இடத்துக்கு, அமலின் பக்கமாக, நகர்ந்து உட்கார்ந்துகொண்டாள்.